ஐப்பசி மழை வருகிறது! சிவப்பு நாளில் கம்பெனி பஸ் ஓடலாமா?

புரட்டாசி பிறந்துவிட்டால் வானம் ஒரு நிலையில் இருக்காது. பகலில் வெயில் மண்டையைப் பிளக்கும். மாலையில் திடீரென்று மேகம் திரளும். இடி இடிக்கும். அரை மணி நேரம் கொட்டிவிட்டு ஓய்ந்துவிடும். "பொன் உருகக் காயும், மண் உருகப் பெய்யும்" என்று பெரியவர்கள் சொல்வது இந்த மாதத்தைத்தான்.

அடுத்து வருவது ஐப்பசி. அடைமழை மாதம்.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகும் சாலையில், மாலை ஷிப்ட் மாறும் நேரத்தில் நின்று பாருங்கள். பஸ் பின்னால் பஸ். எல்லாம் கம்பெனி பஸ்கள். ஜன்னல் ஓரத்தில் இளம் பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். சிலர் தூங்கி வழிவார்கள். கார், லாரி, மோட்டார் சைக்கிள், செல்போன் என்று உலகம் வாங்கும் பொருள்கள் எல்லாம் இவர்கள் கையில்தான் உருவாகின்றன.

சாலை ஓரத்து டீக்கடையில் ஒரே பேச்சு: "இந்த வருஷம் மழை எப்படி? பெருவெள்ளம் வருமா?"

நியாயமான கேள்விதான். பதில் சொல்லவும் ஆள் இருக்கிறார்கள். ஆனால், அவர்கள் சொல்வதை நாம் சரியாகப் புரிந்துகொள்கிறோமா? புரிந்துகொண்டாலும், அதன்படி நடக்கிறோமா?

3 மாதக் கணக்கு

ஒவ்வொரு ஆண்டும் செப்டம்பர் முடியும்போது, அல்லது அக்டோபர் பிறந்தவுடன், இந்திய வானிலை ஆய்வுத் துறை ஓர் அறிக்கை வெளியிடும். அக்டோபர், நவம்பர், டிசம்பர் ஆகிய 3 மாதங்களில் மழை எப்படி இருக்கும் என்பதை அது சொல்லும். "இயல்பான மழை", "இயல்பைவிட அதிகம்", "இயல்பைவிடக் குறைவு" - இந்த மூன்றில் ஒன்று மறுநாள் பத்திரிகையில் கொட்டை எழுத்தில் வரும்.

"இயல்பான மழை" என்று போட்டிருந்தால் வீட்டில் எல்லோரும் நிம்மதியாக மூச்சு விடுகிறார்கள். அங்கேதான் தவறு.

அந்த அறிக்கை உங்கள் தெருவைப் பற்றியது அல்ல. உங்கள் ஊரைப் பற்றியதும் அல்ல. தமிழ்நாடு, கேரளம், கடலோர ஆந்திரம், ராயலசீமை, தென் உள் கர்நாடகம் ஆகிய ஐந்தையும் சேர்த்துச் சொல்வது அது. இந்தப் பகுதி முழுவதற்கும் 3 மாத சராசரி ஏறக்குறைய 334 மில்லி மீட்டர். அதாவது சுமார் 33 சென்டி மீட்டர். சராசரியை 100 என்று வைத்துக்கொண்டால், 88 முதல் 112 வரை பெய்வது எல்லாமே "இயல்பு" கணக்கில் வந்துவிடும்.

சராசரி என்பது எப்படிப்பட்டது? ஒரு குடும்பத்தின் மாதச் செலவு 15 ஆயிரம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இந்த மாதமும் செலவு 15 ஆயிரம்தான். கணக்குப் பார்த்தால் இயல்பு. ஆனால் ஒரே நாளில் ஆஸ்பத்திரிக்கு 10 ஆயிரம் போய், மீதி 29 நாளும் 5 ஆயிரத்தில் காலம் தள்ளினார்கள் என்றால்? அந்த வீட்டு அம்மாவிடம் போய், "இந்த மாதம் உங்களுக்கு இயல்பான மாதம்" என்று சொல்ல முடியுமா?

மழையும் அப்படித்தான். 3 மாதத்து மழை ஒரே இரவில் கொட்டலாம்.

கொட்டியும் இருக்கிறது. 2015-ம் ஆண்டு டிசம்பர் 1-ந் தேதி தொடங்கி மறுநாள் காலை வரை, 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டி மீட்டர் மழை பெய்தது. செம்பரம்பாக்கத்தில் 47 சென்டி மீட்டர். தமிழ்நாட்டின் 3 மாத சராசரியே சுமார் 44 சென்டி மீட்டர்தான்!

49 சென்டி மீட்டர் என்றால் எவ்வளவு தண்ணீர்? ஒரு கிரவுண்டு மனையை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 1 சென்டி மீட்டர் மழை பெய்தால் 2,230 லிட்டர் விழும். ஏறக்குறைய 150 குடம். 49 சென்டி மீட்டர் பெய்தால் 1 லட்சத்து 9 ஆயிரம் லிட்டர். 12 ஆயிரம் லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரிகள் ஒன்பது வந்து, ஒரே நாளில் உங்கள் மனையில் கொட்டிவிட்டுப் போனது போல. பக்கத்து மனையிலும் ஒன்பது லாரி. எதிர் மனையிலும் ஒன்பது லாரி.

கடலைப் படித்த கணித மேதை

3 மாதத்துக்கு முன்னால் மழையைச் சொல்வது எப்படி? இது ஜோசியம் அல்ல. கணக்கு.

1904-ம் ஆண்டு இங்கிலாந்திலிருந்து கில்பர்ட் வாக்கர் என்பவர் இந்திய வானிலைத் துறைக்குத் தலைவராக வந்தார். அடிப்படையில் அவர் கணித நிபுணர். இந்தியாவில் மழை ஏன் சில ஆண்டுகளில் பொய்த்துப் போகிறது என்று கண்டுபிடிக்க, உலகம் முழுவதிலிருந்தும் காற்றழுத்தக் கணக்குகளைத் திரட்டினார். பசிபிக் மகா சமுத்திரத்தின் ஒரு பக்கம் காற்றழுத்தம் ஏறினால் மறுபக்கம் இறங்குவதையும், அதற்கும் நம் மழைக்கும் தொடர்பு இருப்பதையும் கண்டார்.

(இந்த வாக்கர்தான் 1913-ல் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்த ராமானுஜனின் கணக்குகளைப் பார்த்து வியந்து, அவருக்கு உதவித்தொகை தரவேண்டும் என்று சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு எழுதியவர். மழைக்கு வந்தவர் நமக்கு ஒரு மேதையையும் காப்பாற்றிக் கொடுத்தார்!)

பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடானால் அதற்கு "எல் நினோ" என்று பெயர். எல் நினோ வந்தால் வடநாட்டுக்கு மழை தரும் தென்மேற்குப் பருவமழை பெரும்பாலும் குறையும். ஆனால் நம்முடைய வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் கூடும். 2015-ம் ஆண்டு பலமான எல் நினோ ஆண்டு. தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை சராசரியைவிட 53 சதவிகிதம் அதிகமாகப் பெய்தது.

கடல் குளிர்ந்தால் "லா நினா". அப்போது நமக்கு மழை குறையவேண்டும். ஆனால் 2021-ம் ஆண்டு லா நினா ஆண்டு. மழை 59 சதவிகிதம் அதிகம்! கணக்கு சில சமயம் இப்படிக் காலை வாரிவிடும்.

ஆகவே அந்த 3 மாத அறிக்கை யாருக்கு வேண்டும்? அணையையும் ஏரியையும் பார்த்துக்கொள்ளும் அதிகாரிகளுக்கு வேண்டும். விதை வாங்கும் விவசாயிக்கு வேண்டும். குடும்பத்தாருக்கு வேண்டியது வேறு. அன்றாடம் வரும் அறிவிப்பு. அதைப் பிறகு பார்ப்போம். அதற்கு முன், காலுக்குக் கீழே இருக்கும் மண்ணைப் பார்க்கவேண்டும்.

ஏரிகளின் மாவட்டம்

பழைய செங்கற்பட்டு மாவட்டத்துக்கு "ஏரிகள் மாவட்டம்" என்று பெயர். ஸ்ரீபெரும்புதூரும் ஒரகடமும் அந்த மண்தான். இங்கே பெரிய ஜீவநதி கிடையாது. அதனால் முன்னோர்கள் ஊருக்கு ஊர் ஏரி வெட்டினார்கள். ஓர் ஏரி நிறைந்தால் கலங்கல் வழியாக உபரி நீர் வழியும். வழிந்த நீர் கால்வாயில் ஓடி அடுத்த ஏரிக்குப் போகும். சங்கிலி கோத்தது போல.

ஸ்ரீபெரும்புதூர் ஏரி, பிள்ளைப்பாக்கம் ஏரி, நேமம் ஏரி ஆகியவை நிறைந்தால் உபரி நீர் செம்பரம்பாக்கம் ஏரிக்குப் போகிறது. ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளில் வழியும் நீர் அடையாற்றுக்கு வருகிறது. செம்பரம்பாக்கத்தைத் திறந்தால் அந்தத் தண்ணீரும் அடையாற்றில்தான் சேரும்.

இந்த ஏரிச் சங்கிலிக்கு நடுவில்தான் தொழிற்பேட்டைகள் வந்தன. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. பிறகு ஒரகடத்தில் ரெனோ-நிசான் கார், டெய்ம்லர் லாரி, ராயல் என்பீல்டு மோட்டார் சைக்கிள் என்று வரிசையாக வந்தன. வேலை வந்தது. சம்பளம் வந்தது. ஓட்டு வீடுகள் மாடி வீடுகள் ஆயின. யாரும் குறை சொல்ல முடியாது.

ஆனால், வயல் குடித்த தண்ணீரை சிமெண்டுத் தரை குடிக்காது. நிலத்தில் இறங்கவேண்டிய மழை சாலையில் ஓடுகிறது. கால்வாய் குறுகிய இடத்தில் முட்டி, தாழ்வான குடியிருப்புக்குள் புகுகிறது.

2015 டிசம்பரில் நடந்தது இதுதான். முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் வீடுகள் முழுகின. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29 ஆயிரம் கன அடி வரை தண்ணீர் திறந்துவிட நேர்ந்தது. கார் தொழிற்சாலைகளும் மோட்டார் சைக்கிள் தொழிற்சாலையும் நின்றன. இந்த வெள்ளம் மனிதர்களால் விளைந்த பேரிடர் என்று மத்திய தணிக்கைத் துறை அறிக்கை கொடுத்தது. 2018-ல் அது சட்டசபையில் வைக்கப்பட்டது.

அடுத்த ஆண்டே வானம் முகத்தைத் திருப்பிக்கொண்டது. 2016-ல் வடகிழக்குப் பருவமழை 62 சதவிகிதம் குறைந்தது. 2018-லும் குறைவு. 2019 கோடையில் செம்பரம்பாக்கம் ஏரி வெடித்துக் கிடந்தது. ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் சென்னைக்குத் தண்ணீர் வந்தது. வெள்ளமும் பஞ்சமும் ஒரே ஏரியில், நான்கு ஆண்டுகளுக்குள்!

மூன்று நிறங்கள்

இப்போது அன்றாட அறிவிப்புக்கு வருவோம்.

வானிலைத் துறை மாவட்டம் மாவட்டமாக நிறம் கொடுக்கிறது. பச்சை என்றால் கவலை இல்லை. மஞ்சள் என்றால் கவனமாக இருங்கள். பொதுவாக 7 முதல் 11 சென்டி மீட்டர் மழை சில இடங்களில் பெய்யக்கூடும். ஆரஞ்சு என்றால் தயாராகுங்கள். 12 முதல் 20 சென்டி மீட்டர். சிவப்பு என்றால் உடனே நடவடிக்கை எடுங்கள். 20 சென்டி மீட்டருக்கு மேல் எங்காவது கொட்டலாம்.

"நேற்று மழை அளவு" என்று செய்தியில் சொல்வது காலை 8.30 மணிக்கு எடுக்கும் கணக்கு. முந்தைய நாள் காலை 8.30 முதல் அன்று காலை 8.30 வரை பெய்தது. நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை என்று எண்ணிக் குழம்பவேண்டாம்.

இன்னொன்றும் உண்டு. "அடுத்த 3 மணி நேரத்தில் இந்த மாவட்டங்களில் மழை" என்று ஓர் அறிவிப்பு வரும். வேலைக்குப் புறப்படும் பிள்ளைக்கு இதுதான் முக்கியம். படிக்கத் தெரிந்த பிள்ளைகள் இதைப் பெரியவர்களுக்கும் வாசித்துக் காட்டலாம்.

"அவர்கள் சொன்னால் மழை வராது!" என்று கேலி பேசுகிறவர்கள் உண்டு. கேலிக்குக் காரணமும் உண்டு. 2024-ம் ஆண்டு அக்டோபர் 16-ந் தேதிக்குச் சென்னை வட்டாரத்துக்குச் சிவப்பு எச்சரிக்கை. 2015-ஐ நினைத்து நடுங்கிய மக்கள் தங்கள் கார்களை வேளச்சேரி மேம்பாலத்தில் கொண்டுபோய் வரிசையாக நிறுத்தினார்கள். காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் சென்னைக்கு வடக்கே நகர்ந்து, 17-ந் தேதி அதிகாலை கரையைக் கடந்தது. எதிர்பார்த்த மழை பெய்யவில்லை. எல்லோரும் சிரித்தார்கள்.

ஆனால் 2021 டிசம்பர் 30-ந் தேதியை மறக்கலாமா? அன்று சென்னைக்குப் பெருமழை என்று யாரும் எச்சரிக்கவில்லை. சில மணி நேரத்தில் நகரம் மிதந்தது. வேலை முடிந்து புறப்பட்டவர்கள் நடுச்சாலையில் சிக்கினார்கள். மழை கொட்டத் தொடங்கிய பிறகுதான் சிவப்பு எச்சரிக்கை வந்தது.

சொல்லி வராத மழையால் நஷ்டம் என்ன? கார்களை மேம்பாலத்தில் நிறுத்திய சிரமம். சொல்லாமல் வந்த மழையால் நஷ்டம் என்ன? உயிர். இரண்டையும் ஒரே தராசில் வைக்கக்கூடாது.

வீட்டில் உட்கார்ந்து கார் செய்ய முடியுமா?

இனி நாம் அழுத்திச் சொல்லவேண்டிய விஷயம்.

சிவப்பு எச்சரிக்கை வந்தால் பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை. கல்லூரிக்கு விடுமுறை. 2024 அக்டோபரில் கம்ப்யூட்டர் கம்பெனி ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லும்படி அரசாங்கம் கேட்டுக்கொண்டது. நல்லது.

ஆனால், கார் கம்பெனித் தொழிலாளி வீட்டில் உட்கார்ந்து கார் செய்ய முடியுமா? செல்போன் பூட்டும் பெண், பூட்டும் மேஜையை விடுதிக்குத் தூக்கிக்கொண்டு போக முடியுமா? அவர்களுக்கு ஷிப்ட் உண்டு. பஸ் உண்டு. பஸ் வந்தால் ஏறத்தான் வேண்டும். ஏறாவிட்டால் சம்பளம் பிடிப்பார்கள் என்ற பயம். ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்தால், நாளை வேலையே இருக்குமோ என்ற பயம்.

வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர்களுக்காக 2024 ஆகஸ்டில் ஒரு பெரிய விடுதி திறந்தார்கள். 18 ஆயிரத்து 720 பேர் தங்கலாம். ஒரு சிறிய நகரம்! இப்படிப்பட்ட விடுதிகளிலும் வாடகை அறைகளிலும் இருக்கும் பெண்கள் பெரும்பாலும் வெளியூர்க்காரர்கள். எந்தச் சாலை தாழ்வு, எந்தத் தரைப்பாலத்தில் ஏரித் தண்ணீர் புரளும் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? தெரிந்த உள்ளூர்ப் பெரியவர் பஸ்சில் இல்லை.

"நினைத்த போதெல்லாம் நிறுத்தினால் தொழில் என்ன ஆகும்?" என்று கம்பெனி நிர்வாகிகள் கேட்கலாம். கேட்கவேண்டிய கேள்விதான். கப்பல் காத்திருக்காது. ஒரு கம்பெனி நின்றால் அதற்கு உதிரி பாகம் கொடுக்கும் சின்னக் கம்பெனிகளும் நின்றுவிடும்.

ஆனால் நிறுத்திக் காட்டியிருக்கிறார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது, சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கற்பட்டு ஆகிய நான்கு மாவட்டங்களுக்கும் 4-ந் தேதி பொது விடுமுறை விடப்பட்டது. சுங்குவார்சத்திரம் பக்கத்தில் பாக்ஸ்கான் செல்போன் தொழிற்சாலையும் நின்றது. புயல் போன பிறகு மீண்டும் ஓடியது. அதனால் உலகத்தில் யாருக்கும் செல்போன் கிடைக்காமல் போகவில்லை.

அது பெயருள்ள புயல். ஊரெல்லாம் பேசியது. ஆகவே விடுமுறையும் வந்தது. 2015 டிசம்பர் 1-ந் தேதி மழைக்குப் பெயரே கிடையாது. அது புயல் அல்ல. வெறும் காற்றழுத்தத் தாழ்வுதான். பெயர் இருந்தால்தான் பஸ்சை நிறுத்துவது என்றால், பெயரில்லாத மழையில் அந்தப் பெண்களின் கதி என்ன?

நமது கருத்து இதுதான். மாவட்டத்துக்குச் சிவப்பு எச்சரிக்கை வந்தால், அன்றைய இரவு ஷிப்டைப் பற்றி மதியம் 2 மணிக்குள் முடிவு சொல்லிவிடவேண்டும். பஸ் புறப்பட்ட பிறகு சொல்வதில் பயன் இல்லை. முடிவை ஒவ்வொரு கம்பெனியின் இஷ்டத்துக்கு விடாமல், மாவட்ட ஆட்சியர் அறிவிக்கவேண்டும். அப்போது ஒரு கம்பெனி நிறுத்தி, பக்கத்துக் கம்பெனி ஓட்டும் போட்டி இருக்காது. நின்ற ஷிப்டுக்குச் சம்பளம் பிடிக்கக்கூடாது. வேண்டுமானால் பிறகு ஒரு நாள் வேலை வாங்கிக்கொள்ளட்டும். தொழிலாளர்கள் மறுக்கமாட்டார்கள். ஒப்பந்தத் தொழிலாளிக்கும் இதே சட்டம்.

ஏற்கெனவே உள்ளே வேலை செய்துகொண்டிருக்கும் ஷிப்டை என்ன செய்வது? கொட்டுகிற மழையில் வெளியே தள்ளக்கூடாது. தண்ணீர் வடியும் வரை உள்ளேயே படுக்க இடமும், சாப்பாடும், வீட்டுக்குப் பேச வசதியும் கொடுக்கவேண்டும். பெரிய கம்பெனிகளில் கேன்டீன் இருக்கிறது. அரிசியும் பருப்பும் கூடுதலாக வாங்கி வைப்பது பெரிய காரியம் அல்ல.

வடநாட்டுத் தம்பிகள்

ஒரகடம் பக்கத்துக் கிராமங்களில் பீகார், உத்தரப் பிரதேசம், ஜார்க்கண்டு, ஒடிசா இளைஞர்கள் ஏராளம். ஓர் அறையில் ஆறு பேர், எட்டு பேர் என்று இருக்கிறார்கள். வாடகை குறைவு என்று தாழ்வான இடத்து வீடுகளில் இருப்பவர்கள் அதிகம்.

இவர்கள் ஊரில் மழைக்காலம் ஆனியில் தொடங்கிப் புரட்டாசியோடு முடிந்துவிடும். டெல்லியில் செப்டம்பர் 25 வாக்கிலேயே பருவமழை விலகுவது வழக்கம். பீகாரில் அக்டோபர் முதல் பாதியில் விலகும். தீபாவளி என்றால் அவர்களுக்கு வானம் தெளிந்து, பனி தொடங்கும் காலம்.

நமக்குத் தலைகீழ். அவர்களுக்கு மழை முடியும்போதுதான் நமக்குத் தொடங்குகிறது. அக்டோபர் 20-ஐ ஒட்டிக் காற்று திசை மாறி, வங்கக் கடலிலிருந்து ஈரத்தை அள்ளிக்கொண்டு வருகிறது. புதிதாக வந்த பையனுக்கு இது எப்படித் தெரியும்? "மழை முடிந்துவிட்டது" என்று நினைத்து, தன் சான்றிதழ்களையும் துணிகளையும் தரையில் இரும்புப் பெட்டியில் வைத்திருப்பான்.

அவன் தமிழ் எச்சரிக்கையைப் படிக்க மாட்டான். டெலிவிஷன் செய்தியும் புரியாது. வாடகை வாங்கும் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். கம்பெனி அறிவிப்புப் பலகையில் தமிழோடு இந்தியிலும் ஒடியாவிலும் நிறத்தையும் அர்த்தத்தையும் எழுதிப் போடவேண்டும். பஸ் டிரைவரிடம் எந்தெந்தச் சாலையில் தண்ணீர் ஏறும் என்ற குறிப்பு இருக்கவேண்டும். மாவட்ட அவசர உதவி எண் 1077. இதை பஸ்சுக்குள் கண்ணில் படும்படி பெரிய எழுத்தில் ஒட்டிவைக்க எத்தனை ரூபாய் ஆகும்?

வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் கிடைக்கும் நாட்கள் கொஞ்சம்தான். பிள்ளைகளை வேலைக்கு அனுப்பியிருக்கும் பெற்றோர்கள், அடுத்த முறை போனில் பேசும்போது "சாப்பிட்டாயா?" என்று கேட்டுவிட்டு, "சிவப்பு எச்சரிக்கை வந்தால் உங்கள் கம்பெனியில் பஸ் ஓடுமா?" என்றும் கேளுங்கள். அந்தப் பிள்ளை போய் மேற்பார்வையாளரைக் கேட்கட்டும்.